அமைதியைக் காணவில்லை

அத்தியாயம் 6

"ஒரு ஒலிக் கோப்பைக் காணவில்லை" என்றது கம்ப்யூட்டர்.

திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் அடியில் மூன்று பொத்தான்கள். தேடு, தவிர், மூடு.

"நல்லா இருக்கு கதை. ஆளைக் காணோம்னு நாங்க தேடி வந்தா, இது கோப்பைக் காணோம்னு எங்ககிட்டயே புகார் குடுக்குது" என்றான் ரேடியோ.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் சிரித்தாலும் சுவர் விழுங்கிவிடும். நான்கு பக்கமும் கறுப்புப் பஞ்சு அடித்த ஒலிப்பதிவுக் கூடம் அது. சொன்ன சொல் வாயை விட்டுக் கிளம்பியதுமே செத்து விழுந்தது. வாய் மூடாமல் பேசுவதாலேயே ரேடியோ என்று பெயர் வாங்கியவனுக்கு வந்ததிலிருந்தே இந்த இடம் பிடிக்கவில்லை.

அவனுடைய முதலாளியின் பட்டப்பெயர் தந்தி. ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு கட்டுகிறவர் மாதிரி பேசுவார். ரேடியோவின் அக்காவைக் கட்டியவர். அந்த ஒரே தகுதியில்தான் ரேடியோ துப்பறியும் உதவியாளன் ஆனான் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். ரேடியோ அதை மறுத்ததில்லை. மறுத்தால் வேறு தகுதி என்னவென்று கேட்பார்களே.

காணாமல் போனவர் டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் புத்தகங்களைக் குரலில் படித்துக் கொடுக்க வந்தவர். கண் தெரியாதவர்கள், கண் மங்கியவர்கள், பஸ்ஸில் போகிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் காதில் தினமும் பேசுகிற குரல் அவருடையது. முந்தாநாள் சாயங்காலம் இங்கே கடைசி அத்தியாயத்தைப் படித்து முடித்தார். வீடு போய்ச் சேரவில்லை. மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த மகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. நேரம் போகப் போக அம்மா உயிரோடு கிடைப்பாரா என்ற கேள்வியை அவள் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சரைக் கடைசியாகப் பார்த்தவன், இப்போது கம்ப்யூட்டர் முன்னால் வேர்த்துக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளன். சவுண்டு என்று கூப்பிட்டார்கள். அதனால் போலீஸ் நேற்று அவனைத்தான் பிழிந்தெடுத்துவிட்டுப் போனது.

"நேத்து போலீஸ் வந்தப்போ இந்த எர்ரர் இல்ல சார். டீச்சரோட பதிவெல்லாம் போட்டுக் காட்டினேன், ஒழுங்கா ஓடுச்சு. காலையில வந்து திறந்தா இப்படி."

"தேடு" என்றார் தந்தி.

சவுண்டு பொத்தானை அழுத்தினான். கம்ப்யூட்டர் தன் வயிற்றையெல்லாம் துழாவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது. எங்கேயும் இல்லை.

"தவிர்னு குடுங்க தம்பி. டீச்சர் படிச்சது எல்லாம் பத்திரமா இருக்கில்ல? இது போனா போகுது" என்றார் வாசலில் நின்ற கூடத்துச் சொந்தக்காரர். எல்லோரும் அவரை 'சார்' என்றார்கள். வெள்ளை முழுக்கைச் சட்டை. சத்தம் வரக்கூடாதென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்கிற மனிதர். டீச்சர் காணாமல் போன அன்று வெளியூரில் இருந்தாராம். செய்தி கேட்டு நேற்றுக் காலை ஓடி வந்தாராம். மகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் கலங்கியது.

"காணாம போனது என்ன?" தந்தி கேட்டார்.

"அறை அமைதி சார்."

"தமிழ்ல சொல்லுப்பா" என்றான் ரேடியோ.

"தமிழ்தாண்ணே. ஒவ்வொரு அறைக்கும் ஒரு அமைதி இருக்கு. மின்விசிறி இல்லாட்டியும், யாரும் பேசாட்டியும், லேசா ஒரு இரைச்சல் இருக்கும். படிக்கறவங்க இருமுவாங்க, பக்கம் புரட்டுவாங்க, அதை நாங்க வெட்டிடுவோம். வெட்டின இடத்தை அப்படியே விட்டா, கேக்கறவங்களுக்குப் பள்ளத்துல விழுந்த மாதிரி இருக்கும். அதனால படிச்சு முடிச்சதும் அவங்களை அசையாம உக்காரச் சொல்லி, அரை நிமிஷம் சும்மா பதிவு பண்ணிக்குவேன். அந்த அமைதியைத் துண்டு துண்டா எடுத்து இடைவெளியில எல்லாம் வைப்பேன்."

"சட்டை கிழிஞ்ச இடத்துல அதே துணியில ஒட்டுப் போடற மாதிரி."

"அதேதாண்ணே. டீச்சருக்கு ஒட்டெல்லாம் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவுலதான். அவங்க ஒரு வாக்கியத்தைப் பாதியில விட்டதே இல்ல. இருமல் வந்தாக்கூட முற்றுப்புள்ளி வெச்சுட்டுத்தான் இருமுவாங்க."

மூலையிலிருந்து மகள் விசும்பினாள். "வீட்லயும் அப்படித்தான். என்னைத் திட்டும்போது போன் அடிச்சாலும் திட்டி முடிச்சிட்டுத்தான் எடுப்பாங்க."

தந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர் கணக்கில் ஒரு பிரசங்கமே செய்தார்.

"குரல் இருக்கு. பணம் பெறும். அதைத் தொடலை. ஒண்ணுமே இல்லாததைத் திருடியிருக்கான். ஏன்?"

ரேடியோவுக்கு வேடிக்கையாகத் தோன்றியது சட்டென்று வேடிக்கையாக இல்லை.

"இந்த கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?" என்று அவனே கேட்டான்.

"எனக்கும் எங்க சாருக்கும்தான்."

ரேடியோ தந்தியின் காதோரம் குனிந்தான். "அத்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒருத்தர் ஊர்லயே இல்ல. இன்னொருத்தன் இங்கயே குடியிருக்கான். பையன் நமக்கு நல்லாத் தண்ணி காட்டறான். கையோட பிடிச்சுக் குடுத்துட்டுப் போனா, அக்கா கோவிக்கறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்."

"இரு" என்றார் தந்தி. சவுண்டின் பக்கம் திரும்பினார். "திற."

சவுண்டு 'தவிர்' என்பதை அழுத்தினான். பெட்டி மறைந்தது. திரையில் பச்சைப் பட்டைகள் வரிசையாக விரிந்தன. ஒவ்வொன்றிலும் மேடும் பள்ளமுமாக டீச்சரின் பேச்சு கோடாக ஓடியது. கடைசியில் ஒரு பட்டை மட்டும் சிவப்பாக இருந்தது. காணாமல் போனது அதுதான். ஆனால் அதற்குள்ளும் கோடு தெரிந்தது.

"சத்தம்தான் இல்லையே, கோடு எங்கிருந்து வந்துச்சு?" ரேடியோ கேட்டான்.

"படத்தை வேற இடத்துல வரைஞ்சு வெச்சுக்கும்ணே. ஒவ்வொரு தடவையும் புதுசா வரைஞ்சா நேரம் பிடிக்கும்ல. கோப்பை அழிச்சாலும் படம் கிடக்கும்." சொல்லிக்கொண்டே அந்தப் பட்டையைப் பெரிதாக்கியவன் அப்படியே நிறுத்தினான். "இது... இப்படி இருக்கக்கூடாதே. அன்னைக்கு அவசரத்துல நான் பெரிசாக்கிப் பார்க்கவே இல்ல."

அமைதியின் கோடு தண்ணீர் மாதிரி சமமாக இருக்க வேண்டும். இதில் முதலில் கொஞ்ச தூரம் சமமாகப் போனது. பிறகு குட்டிக் குட்டி முட்கள், சீரான இடைவெளியில். கொஞ்சம் ஓய்வு. மறுபடி முட்கள்.

"யாரோ எதையோ தட்டறாங்க" என்றாள் மகள்.

"கீழ டயர் கடையில தட்டியிருப்பாங்கம்மா" என்றார் சார் மெதுவாக.

"டயர் கடையை மூடி ஒரு மாசமாச்சே சார்?" என்றான் சவுண்டு, வெகுளியாக.

சார் தலையில் லேசாகத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஆமாமா. இந்த ரெண்டு நாள் அலைச்சல்ல எனக்கு ஒண்ணுமே ஓடலை. உக்காருங்க, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரேன். அந்தப் பொண்ணு வேற ஒண்ணும் சாப்பிடலை."

"எனக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலா சார்" என்றான் ரேடியோ. இந்தக் கட்டடத்தில் நுழைந்த பிறகு அவன் காதில் விழுந்த முதல் நல்ல செய்தி அதுதான்.

காலுறைக் கால்கள் சத்தமில்லாமல் போயின. தந்தி கதவையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் வேணும்" என்றார்.

சவுண்டு தலையைச் சொறிந்தான். "ஒட்டுப் போட்ட இடமெல்லாம் அந்த ஒரே கோப்புல இருந்துதான் சத்தத்தை எடுத்துக்குது சார். அது போனதும் எல்லாமே ஊமையாயிடுச்சு." திடீரென்று நிமிர்ந்தான். "ஆனா ஒண்ணு இருக்கு! டீச்சர் கிளம்பினதுமே அந்த அத்தியாயத்தைக் கலந்து, முழு ஒலியா மாத்தி, இந்தப் பாப்பாவுக்கு அனுப்பினேன். தப்பு இருக்கான்னு எப்பவும் அவங்கதான் கேப்பாங்க. கலந்ததுல குரலும் அமைதியும் ஒண்ணாகிடும். அதுல இருந்து யாரும் உருவ முடியாது."

மகள் போனை நீட்டினாள். "நான் இன்னும் கேக்கலை. அம்மா வந்தப்புறம் கேக்கலாம்னு..."

தந்தி ரேடியோவைப் பார்த்தார். "இவன் இல்லை."

ரேடியோவுக்கும் உறைத்தது. அமைதியை அழித்தவனுக்கு, அது அத்தியாயம் முழுக்க ஒட்டுப் போடப்பட்டிருப்பது தெரியவில்லை. படம் தனியாகக் கிடப்பதும் தெரியவில்லை. இவனுக்கு இரண்டும் தெரியும். இவனே அழித்திருந்தால் இப்படி வாய் ஓயாமல் வழி சொல்லிக்கொண்டிருப்பானா? இந்தத் தொழிலில் இருந்தும் தொழில் தெரியாத ஒருவன்தான் இதைச் செய்திருக்க முடியும்.

சவுண்டின் விரல்கள் பறந்தன. போனிலிருந்த அத்தியாயத்தை உள்ளே இழுத்தான். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவிலிருந்த வெறுமையை மட்டும் கத்தரித்தான். துண்டுகளைச் சிவப்புப் பட்டையின் அடியில், முள்ளுக்கு முள் பொருந்துகிற மாதிரி வரிசையாக அடுக்கினான். ஒலியைத் தூக்கினான்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு எங்கோ ஆழத்தில் டக், டக், டக் என்று கேட்டது. மரத்தில் ஆணி இறங்குகிற சத்தம். ஓய்வு. எதையோ தரையில் தரதரவென்று இழுக்கும் சத்தம். மறுபடி டக், டக்.

அந்த நேரத்தில் டீச்சர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குரல் அறையில், அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"குரல் அறைக்குப் பின்னாடி என்ன?" தந்தி கேட்டார்.

"பழைய சாமான் ரூம் சார். சாவி தொலைஞ்சு ரொம்ப நாளாச்சுன்னு எங்க சார் சொல்வாரு. கதவை மறைச்சு உடைஞ்ச நாற்காலியா அடுக்கி வெச்சிருக்கு."

"படிக்கும்போது தட்டலையே. ஏன்?"

சவுண்டு மறுபடி பட்டையைப் பார்த்தான்.

"சிவப்பு விளக்கு" என்று தந்தி கண்ணாடிக்கு மேலே சுட்டிக்காட்டினார்.

"ஆமா சார், பதிவு ஓடும்போது அது எரியும். இங்க ஒண்ணு, வாசல்ல ஒண்ணு, பின் நடையில ஒண்ணு. எரிஞ்சா யாரும் சத்தம் போடக்கூடாது."

"அமைதி எடுக்கும்போது?"

"அப்போ மட்டும் அணைச்சிடுவேன் சார். அந்த பல்பு லேசா இரையும். அமைதியில அது விழுந்துடும்." சொல்லி முடிக்கும் முன்பே அவன் முகம் வெளிறியது. "விளக்கு அணைஞ்சதும் பதிவு முடிஞ்சுதுன்னு நினைச்சு..."

"அணைச்சும் பதியறது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார். என்னோட பழக்கம் அது. நேத்துதான் முதல் தடவையா போலீஸ்கிட்ட சொன்னேன்." குரலைத் தாழ்த்தினான். "பக்கத்துல எங்க சார் நின்னுக்கிட்டு இருந்தாரு."

டீ இன்னும் வரவில்லை.

"அவர் ஏன் எங்கம்மாவை?" மகள் முக்காலியை விட்டு எழுந்தாள். "அம்மா அவரை மலை மாதிரி நம்பினாங்க. இதுதான் கடைசிப் புத்தகம், என்கூட வேற ஊருக்கு வந்துடறேன்னு அவர்கிட்டதான் முதல்ல சொன்னாங்க. எங்க கூடத்துக்கு உசிரே உங்க குரல்தான்னு அழுதாராம்."

தந்தி எழுந்தார். ஓடவில்லை. சவுண்டின் தோளில் கை வைத்தார். "புது அமைதி எடு."

"இப்பவா சார்?"

"காணோம்னு கேட்டுச்சே. குடுப்போம்."

குரல் அறையில் யாரும் இல்லை. கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு நாற்காலி, ஒரு மேசை, தலை குனிந்த மைக். சவுண்டு கனத்த கதவைச் சாத்தினான். விளக்கை அணைத்தான். ஒலிக் குமிழை அது போகிற மட்டும் திருகினான். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

மெல்ல மெல்ல அவன் வாய் திறந்தது. ஒன்றும் சொல்லாமல் கருவியைக் கழற்றி மகளின் காதில் வைத்தான்.

அவள் கேட்டாள். இரண்டு கையாலும் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா" என்றாள். "அம்மா படிக்கறாங்க."

ரேடியோ தன் காதை அவள் காதோடு ஒட்டினான். கிணற்றின் அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். களைத்திருந்தது, கரகரத்திருந்தது, ஆனால் ஒரு எழுத்து பிசகவில்லை. '...கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய பிறகுதான் மாலுமி தன் பெட்டியை...'

நின்றது.

மகள் நிமிர்ந்தாள். சவுண்டு நிமிர்ந்தான். வாக்கியத்தைப் பாதியில் விடாத குரல் பாதியில் நின்றிருந்தது.

"உள்ள போயிட்டான்" என்றார் தந்தி. அந்த மனிதர் கத்தி ரேடியோ கேட்டது அன்றுதான். "சவுண்டு, சுவர்! ரேடியோ, கதவு! பேச்சுக் குடு!"

ரேடியோ ஓடினான். நடை இருண்டிருந்தது. கடைசியில் கதவு உயரத்துக்கு உடைந்த நாற்காலிகள். அவற்றுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சவுண்டு அணைத்த விளக்கு இங்கே எரிகிறதே என்று நினைத்தபடி முதல் நாற்காலியைப் பிடித்து இழுத்தான். நாற்காலி கையோடு வரவில்லை. எல்லா நாற்காலிகளும் கதவோடு சேர்ந்து திறந்துகொண்டு நகர்ந்தன. கதவிலேயே வைத்து ஆணி அடித்திருந்தான் படுபாவி.

உள்ளே ஒரு மேசை விளக்கு. சுவரெல்லாம் புதுப் பஞ்சு. ஒரு மைக், ஒரு நாற்காலி, நாற்காலியில் டீச்சர். அவர் வாயைப் பின்னாலிருந்து ஒரு கை பொத்தியிருந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை. இன்னொரு கையில் சுத்தியல். அது டீச்சரின் காதுக்கு மேலே, அடிக்கிற மாதிரி இல்லாமல், சும்மா வைத்த மாதிரி இருந்தது. ரேடியோவை நடுங்க வைத்தது அதுவல்ல. பக்கத்தில் அடுக்கியிருந்த புத்தகங்கள். தரையிலிருந்து கூரை வரை, மூன்று சுவருக்கும். இன்னும் படிக்காதவை.

"ஷ்" என்றார் சார், வெகு சாந்தமாக. "பதிவு ஓடிட்டிருக்கு."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ரேடியோவுக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. பேச்சுக் குடு என்ற குரல் மட்டும் காதில் நின்றது.

"டீ எங்க சார்?" என்றான்.

சார் கண் சிமிட்டினார்.

"இல்ல, சர்க்கரை தூக்கலான்னு கேட்டிருந்தேன். இந்த வயசுல சர்க்கரை வேண்டாம்னு எங்கக்கா சொல்லும். அது சொல்லாததே கிடையாது. எங்கத்தான் ஊமையானதே அதனாலதான். அடேங்கப்பா, எவ்வளவு புத்தகம்! இதெல்லாம் டீச்சர் படிச்சு முடிக்கவா?"

"எல்லாம் படிப்பாங்க" என்றார் சார். அந்தக் குரலில் அன்பு இருந்தது. அதுதான் பயங்கரம். "ஊருக்குப் போறேன்னு சொல்லக்கூடாதில்ல? இப்படி ஒரு குரலை எடுத்துக்கிட்டுப் போக அவங்களுக்கு என்ன உரிமை இருக்கு? விளக்கு எரியற வரைக்கும் படிக்கணும், நிறுத்தினா பாப்பாவுக்கு ஆகாதுன்னு சொல்லிவெச்சேன். எவ்வளவு அழகாப் படிக்கறாங்க தெரியுமா. நீங்க கொஞ்சம் வெளிய..."

பின்சுவர் பிளந்தது.

பஞ்சும் பலகையும் கிழிய, மைக் நிறுத்தும் இரும்புக் கம்பி உள்ளே வந்தது. அதன் பின்னால் தந்தி வந்தார். சார் திரும்புவதற்குள் சுத்தியல் பிடித்த மணிக்கட்டில் கம்பி இறங்கியது. ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு முட்டியதில் சாரும் புத்தகங்களும் சேர்ந்து சரிந்தார்கள். ஓட்டை வழியே சவுண்டும் குதித்து அவர் முதுகில் ஏறி உட்கார்ந்தான்.

வாயைப் பொத்திய கை விலகிய அந்த நொடியே டீச்சரின் குரல் எழுந்தது.

"...கரையிலேயே மறந்து விட்டுவிட்டதை உணர்ந்தான்."

முற்றுப்புள்ளி வைத்தார். இருமினார். வெகு நேரம் அடக்கிய இருமல், உடம்பே குலுங்கியது.

"அம்மா!" மகள் ஓட்டையில் நுழைந்து ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, முடிஞ்சுதும்மா. நான் வந்துட்டேன்மா."

டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. விரல் பக்கத்தின் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"அவன் மேல்தட்டில் நின்று, சிறிதாகிக்கொண்டே போன கரையைப் பார்த்தான். அதில் அவனுக்குத் தெரிந்தவர்கள்..."

"அம்மா, போதும்மா!" மகள் உலுக்கினாள். கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். கழுத்து திரும்பியது, கண் திரும்பவில்லை. குரல் நிற்கவில்லை. ரேடியோ அந்தக் கண் போன திசையைப் பார்த்தான். மேசைக்கு மேலே, பஞ்சுச் சுவரில், இன்னொரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ரேடியோ" என்றார் தந்தி. "விளக்கு."

ரேடியோ சுவரைத் தடவி ஸ்விட்சைக் கண்டுபிடித்தான். அணைத்தான்.

டீச்சர் அந்த வாக்கியத்தை முடித்தார். புத்தகத்தை மூடி, ஓரம் பார்த்து மேசையில் நேராக வைத்தார். பிறகுதான் மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்.